சாம் லாங்ஃபோர்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கறுப்பர்களுக்குப் பட்ட வாய்ப்பே தராமல் வெள்ளையர்கள் கட்டிய வேலியைத் தாண்டி உலகப் பட்டம் வென்றவர், தன்னைப் போலவே கறுப்பரான சாம் லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்புகூடத் தரவில்லையாமே? லாங்ஃபோர்ட் அவ்வளவு பெரிய வீரரா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

நான் விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஆமாம், அவ்வளவு பெரிய வீரர்தான்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, சிறுவனாக வீட்டைவிட்டு ஓடி பாஸ்டனுக்கு வந்தவர். 1903-ல், லைட்வெயிட் (குறைந்த எடைப் பிரிவு) சாம்பியன் ஜோ கான்ஸை 15 சுற்றுகளில் வென்றார். அந்தப் பிரிவின் வரம்பைவிட இவர் எடை கூடுதலாக இருந்ததால் பட்டம் கைக்கு வரவில்லை. 1906-ல் பாஸ்டனுக்கு அருகே செல்சியில் ஜான்சனுடன் மோதித் தோற்றார். லாங்ஃபோர்டின் உயரம் ஐந்தடி ஏழங்குலம்தான். ஜான்சன் ஆறடிக்கு மேல், எடையிலும் ஏறத்தாழ 30 பவுண்டு கூடுதல். அப்படியும் 15 சுற்றுகள் தாக்குப்பிடித்தார்.

1908-ல் சிட்னியில் ஜான்சன் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) உலக சாம்பியன் ஆனார். அப்புறம் லாங்ஃபோர்டை அவர் ரிங்குக்குள் சந்திக்கவே இல்லை. இரண்டு கறுப்பர்கள் மோதினால் கூட்டம் வராது, காசு வராது என்பது அன்றைய கணக்கு. ஆனால் 1913-ல் பாரிஸில் அதே ஜான்சன் இன்னொரு கறுப்பரான பேட்லிங் ஜிம் ஜான்சனுடன் மோதினாரே! அதனால் அந்தக் கணக்கை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஜான்சன்மேல் எனக்கு இருக்கும் மதிப்பு குறையவில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வருத்தம் உண்டு.

வெள்ளை வீரர்களில் பலர் லாங்ஃபோர்டுடன் மோதாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கறுப்பர்களான ஜோ ஜானெட், சாம் மெக்வே, ஹாரி வில்ஸ். இவர்களுக்கும் அதே கதிதான். வேறு வழியில்லாமல் லாங்ஃபோர்டும் இவர்களுமாக நால்வரும் ஒருவரையொருவர் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டார்கள். வில்ஸுடன் மட்டும் லாங்ஃபோர்ட் பதினைந்து முறைக்கு மேல் மோதினார். சோறு போட்டதும் உடம்பைத் தின்றதும் அந்தச் சண்டைகள்தான்.

1917-ல் ஃப்ரெட் ஃபுல்டனுடன் மோதியபோது ஒரு கண்ணில் பார்வை போனது. இன்னொன்றும் மங்கிக்கொண்டே வந்தது. நிறுத்தினால் சாப்பாட்டுக்கு வழியில்லை. 1923-ல் மெக்சிகோவில், எதிரே நிற்பவர் நிழலாகக்கூடச் சரியாகத் தெரியாத நிலையில், நாக் அவுட்டில் அந்த நாட்டு ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். கண் தெரியாதவர் எப்படிக் குத்தினார்? எதிராளி தன்மேல் உரசும்வரை காத்திருந்தார். பட்டதும், பட்ட இடத்தை வைத்து முகம் எங்கே இருக்கும் என்று கணித்து அடித்தார். பல நூறு சண்டைகள் கைக்குள் சேர்த்துவைத்த கணக்கு அது.

1944-ல் அல் லேனி என்ற பத்திரிகையாளர் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அவரைத் தேடி அலைந்தார். ஆள் செத்துப்போய்விட்டதாகவே சிலர் சொன்னார்கள். ஓர் இருட்டறையில், பார்வையும் இல்லாமல் கையில் காசும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார் லாங்ஃபோர்ட். லேனி எழுதியதைப் படித்தவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அதை வைத்து மிச்ச நாட்களைக் கழித்து, 1956 ஜனவரியில் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் காலமானார்.

ஜான்சனைப் பற்றிய அந்தக் கட்டுரையில் இவருக்காக ஒரு பகுதி சேர்க்கிறேன்.