மாமாவுக்கு ஆர்சனல், மருமகனுக்கு க்ரூ

கேள்வி: அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலம் கொலம்பஸில் பல வருடங்களாக இருக்கிறோம். சனிக்கிழமை காலையில் என் மச்சான் வீட்டில் கூடி இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டம் பார்ப்பது எங்கள் வழக்கம். மச்சான் கல்லூரி நாளிலிருந்தே ஆர்சனல் பைத்தியம். என் மகனுக்கு 13 வயது. அவன் உள்ளூர் அணியான கொலம்பஸ் க்ரூவின் ரசிகன். எங்கே போனாலும் அந்த மஞ்சள் ஜெர்சிதான். போன மாதம் மச்சான் அவனிடம், "இது ரிட்டயர் ஆனவங்க ஆடுற லீக்டா, இதுக்குப் போய் ஜெர்சி வேறயா?" என்றார். பையன், "நீங்க ஒரு யூரோஸ்னாப், மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். ஐரோப்பாவைத் தவிர மற்றதெல்லாம் மட்டம் என்று நினைப்பவர்களை இங்குள்ள ரசிகர்கள் அப்படித் திட்டுவார்களாம். அதன்பிறகு மாமா வீட்டுக்கே வரமாட்டேன் என்கிறான். நான் கிரிக்கெட் ஆள். கால்பந்து பெரிதாகத் தெரியாது. அமெரிக்க லீக் நிஜமாகவே அவ்வளவு மட்டமா? இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கொலம்பஸ்

பதில்: நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டமான லீக் இல்லை. பிரீமியர் லீக் அளவுக்கு உயரமும் இல்லை. இது உங்கள் மகனுக்கும் தெரியும். அவன் எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்தது தரத்துக்காக இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்களுக்குக் கால்பந்து தெரியாது என்கிறீர்கள், அதனால் கொஞ்சம் கதை சொல்லியாக வேண்டும்.

மேஜர் லீக் சாக்கர் (எம்.எல்.எஸ்.) என்ற இந்த அமெரிக்க லீக் 1996-ல் 10 அணிகளோடு ஆரம்பித்தது. 1994 உலகக் கோப்பையை நடத்த அமெரிக்கா கேட்டபோது, ஒழுங்கான தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்குவோம் என்று கொடுத்த வாக்கின் விளைவு அது. ஆரம்ப வருடங்களில் ஆட்டத்தை அமெரிக்கர்களுக்குப் பிடிக்கிற மாதிரி மாற்றுகிறோம் என்று என்னென்னவோ செய்தார்கள். ஆட்டம் டிராவில் முடியக் கூடாது என்று, 35 கஜத்திலிருந்து ஒரு ஆள் பந்தை உருட்டிக்கொண்டு வந்து ஐந்து நொடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டி அடிக்க வேண்டும் என்றொரு விதி. கடிகாரம் பின்னோக்கி ஓடும். 1999 சீசனோடு இதையெல்லாம் கைவிட்டார்கள். 2001 சீசன் முடிந்ததும் ஃப்ளோரிடாவில் இருந்த இரண்டு அணிகளையும் மூடினார்கள். லீக்கே போய்விடும் என்று பயந்த காலம் அது.

2007-ல் டேவிட் பெக்காம் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸிக்கு வந்தார். "ரிட்டயர்மென்ட் லீக்" என்ற பேச்சு வலுத்தது அதற்குப் பிறகுதான். 2015-ல் ஒரே வருடத்தில் ஐரோப்பிய நட்சத்திரங்களான ஜெரார்ட், லாம்பார்ட், பிர்லோ மூன்று பேரும் வந்தார்கள். வயது 35, 37, 36. உங்கள் மச்சான் மனதில் உறைந்திருப்பது அந்த வருடங்களின் படம். அன்றைக்கு அதில் நியாயமும் இருந்தது.

அதன்பின் லீக் மாறியிருக்கிறது. மிகெல் அல்மிரோன் 22 வயதில் அட்லாண்டாவுக்கு வந்து, 2019-ல் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போனார். அல்ஃபோன்சோ டேவிஸ் வான்கூவரில் பதின்வயதிலேயே ஆடத் தொடங்கி பேயர்ன் மியூனிக்குக்குப் போனவர். 2022-ல் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்த தியாகோ அல்மாடா அப்போது அட்லாண்டாவுக்காக ஆடிக்கொண்டிருந்தார், வயது 21. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சோ எர்னாண்டஸ் 23 வயதில் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டை விட்டுக் கொலம்பஸுக்கு வந்தார். கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு 2025-ல் ஸ்பெயினின் பெட்டிஸுக்குப் போனார். ஓய்வெடுக்க வருகிறவர் செய்கிற காரியமா இது?

சரி, மச்சான் பக்கமும் பேச வேண்டும். அவர் கையில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. மெஸ்ஸி 36 வயதில் மியாமிக்கு வந்தார். 2024, 2025 இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 2025 டிசம்பரில் வான்கூவரை 3-1 என்று வென்று கோப்பையையும் எடுத்தார்கள். 38 வயதுக்காரர் ஒரு லீக்கையே ஆள முடிகிறதென்றால் அந்த லீக்கின் டிஃபெண்டர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்வி வரத்தான் செய்யும். அவர் மெஸ்ஸி என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி சம்பளக் கணக்கில் இருக்கிறது.

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் இவ்வளவுதான் பணம் என்று வரம்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான், ஆனால் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. 2025-ல் ஓர் அணியின் சம்பள வரம்பு 59.5 லட்சம் டாலர். மெஸ்ஸி ஒருவருக்கு மட்டும் வருடத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் போகிறது. எப்படி முடிகிறது என்றால், அணிக்கு மூன்று பேர் வரை இந்த வரம்புக்கு வெளியே என்ன வேண்டுமானாலும் வாங்கலாம். அவர்கள் சம்பளத்தில் ஒரு சிறு பகுதிதான் கணக்கில் ஏறும். பெக்காமுக்காகக் கொண்டுவந்த விதி அது. இன்னும் சில சலுகைகள் இருக்கின்றன, அவை தலை சுற்றும், விட்டுவிடுவோம். அதே அணியின் பெஞ்சில் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் வாங்குகிற பையன் உட்கார்ந்திருப்பான்.

இதன் விளைவை டிவியிலேயே பார்க்கலாம். முன்வரிசையில் ஒருவர் இரண்டு பேரை ஏமாற்றித் திரும்பிப் பந்தைப் பின்னால் தள்ளுகிறார், பிரமாதமாக இருக்கிறது. அடுத்த நொடி அதை வாங்கிய பக்கவாட்டு டிஃபெண்டர் பத்து கஜப் பாஸை நேராக எல்லைக்கோட்டுக்கு வெளியே அனுப்புகிறார். 70-வது நிமிடத்தில் இரண்டு பேரை மாற்றினால் அணியே வேறாகிவிடுகிறது. பிரீமியர் லீக்கில் பெரிய அணிகளின் பெஞ்சில் இருப்பவர்கள் பல நாடுகளின் தேசிய அணிக்காரர்கள். சனிக்கிழமை காலையில் அதைப் பார்த்துவிட்டு சாயங்காலம் இதைப் பார்த்தால் கண்ணில் முதலில் படுவது அந்தத் தவறான பாஸ்தான். மச்சானின் கண்ணைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அதே வரம்பு இன்னொன்றையும் செய்கிறது. 2015 முதல் 2025 வரை 11 கோப்பைகளை 9 வெவ்வேறு அணிகள் வென்றிருக்கின்றன. ஜெர்மனியில் பேயர்ன் மியூனிக் தொடர்ந்து 11 முறை சாம்பியன் ஆனதும் கிட்டத்தட்ட இதே காலத்தில்தான். பேயர்ன் எவ்வளவு அழகாக ஆடினாலும், ஆகஸ்டிலேயே முடிவு தெரிந்த லீக்கில் மற்ற ஊர்ப் பையன்கள் எதை நம்பி ஜெர்சி போடுவார்கள்? எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

"கடைசி இடம் வந்தாலும் கீழே இறக்க மாட்டார்கள், அப்புறம் என்ன போட்டி" என்றும் மச்சான் கேட்டிருப்பார். உண்மைதான். இங்கிலாந்தில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். அந்தப் பயம் மே மாத ஆட்டங்களுக்குக் கொடுக்கும் உயிர் அமெரிக்காவில் கிடையாது. 2025-ல் புதிதாகச் சேர்ந்த சான் டியேகோ அணிக்கு நுழைவுக் கட்டணமே 50 கோடி டாலர். அவ்வளவு கொடுத்து வந்தவர், இறங்கிப் போகவும் தயார் என்று கையெழுத்துப் போடமாட்டார். இதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன். ஐபிஎல்லிலும் இதே ஏற்பாடுதான். அங்கே நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

தரத்தை அளக்கத்தான் வேண்டும் என்றால் பக்கத்து வீட்டோடு அளப்பது நல்லது. மெக்சிகோ லீக்தான் அந்தப் பக்கத்து வீடு. வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளின் கிளப் சாம்பியன் கோப்பையை 2006-லிருந்து 2021 வரை மெக்சிகோ அணிகள் மட்டுமே வென்றன. 2022-ல் சியாட்டில் அதை உடைத்தது. அடுத்த மூன்று வருடமும் கோப்பை மெக்சிகோவுக்கே திரும்பிப் போனது, ஆனால் மூன்று இறுதியாட்டத்திலும் எதிரே நின்றது ஓர் எம்.எல்.எஸ். அணி. 2024-ல் அது உங்கள் கொலம்பஸ். டீக்ரெஸை அவர்கள் மைதானத்திலேயே பெனால்டியில் தாண்டி, மான்டெர்ரேயை அவர்கள் ஊரில் 3-1 என்று அடித்துவிட்டு, இறுதியில் பச்சூக்காவிடம் 3-0 என்று தோற்றார்கள். என் கணிப்பில் லீக் நிற்கிற இடம் அதுதான். மெக்சிகோவின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் உள்ளே உட்காரவில்லை.

ஐரோப்பாவோடு ஒற்றை ஆட்டங்களை வைத்துச் சண்டை போடவேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். 2025 கிளப் உலகக் கோப்பையில் மியாமி போர்ச்சுகலின் போர்ட்டோவை 2-1 என்று வென்றது என்பான் அவன். அதே மியாமியைப் பாரிஸ் அணி 4-0 என்று தூக்கி எறிந்ததே என்பார் மாமா. அந்தப் பாரிஸ் ஒரு மாதம் முன்னால் இத்தாலியின் இன்டரை 5-0 என்று அடித்ததே என்பான் இவன். இது முடியவே முடியாது.

இப்போது அந்தக் காருக்கு வருகிறேன்.

2017 அக்டோபரில், கொலம்பஸ் அணியை டெக்சாஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோகப் போவதாக அதன் அன்றைய உரிமையாளர் தரப்பிலிருந்து செய்தி வந்தது. லீக்கின் முதல் அணிகளில் ஒன்று அது. கால்பந்துக்கென்றே 1999-ல் தனி மைதானம் கட்டிய ஊரும் உங்கள் ஊர்தான். மற்ற அணிகள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு கையில் பந்தோடு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் என்ற வேறு ஆட்டத்துக்காகக் கட்டிய பிரம்மாண்ட மைதானங்களில் பாதிக் காலி இருக்கைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்த காலம். ரசிகர்கள் விடவில்லை. "சேவ் தி க்ரூ" என்று வீட்டு வாசல்களில் பலகை வைத்தார்கள், ஊர்வலம் போனார்கள். முன்பு ஒரு முறை கிளீவ்லாந்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோனதால் ஓஹாயோவில் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. அதைக் காட்டி மாநில அரசும் நகராட்சியும் வழக்குப் போட்டன. கடைசியில் ஹாஸ்லம் குடும்பமும், அணிக்கு நீண்டகாலம் மருத்துவராக இருந்த பீட் எட்வர்ட்ஸின் குடும்பமும் வாங்க முன்வந்து அணி ஊரிலேயே தங்கியது. அதற்கப்புறம் 2020-லும் 2023-லும் கோப்பை.

உங்கள் மகன் அப்போது சின்னக் குழந்தை. ஆனால் அவன் கூடப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் இந்தக் கதை சொல்லப்படாமல் இருக்காது. நீங்கள் குடியேறி வந்த ஊரில் அவன் பிறந்து வளர்கிறான். அந்த மஞ்சள் ஜெர்சியைப் போட்டால் கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர் கூட அவனைப் பார்த்துக் கையை உயர்த்துவார். மாமா கேலி செய்தது லீக்கை மட்டும் என்று அவர் நினைத்திருப்பார். பையன் காதில் "உன் ஊர் ஒரு ஊரா" என்று விழுந்திருக்கும். அதனால் புள்ளிவிவரத்தை வைத்து அவனைத் தேற்றப் போகாதீர்கள்.

அவனுடைய ஆட்டத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். 2023 இறுதியாட்டத்தை எடுத்துப் போடச் சொல்லுங்கள், லாஸ் ஏஞ்சல்ஸ் எஃப்சியோடு கொலம்பஸில் நடந்தது. இந்திய நேரத்துக்கு ஞாயிறு அதிகாலை இரண்டரை மணி, எழுந்து பார்த்தேன். வில்ஃப்ரிட் நான்சி பயிற்சியாளராக இருந்த காலம். அவர் அணியின் டிஃபெண்டர் பந்தின்மேல் உள்ளங்காலை வைத்து அப்படியே நிற்பார். எதிராளி பொறுமை இழந்து ஓடி வருவார். அவர் நகர்ந்ததும் பின்னால் திறக்கிற இடத்துக்குப் பந்து போகும். பார்க்கிற நமக்கு வயிற்றைப் பிசையும். 37-வது நிமிடத்தில் மால்ட்டே அமுண்ட்சென் பின்னாலிருந்து நீளமாக ஒரு பாஸ் கொடுத்தார், யா யெபோவா ஓடிப்போய் அதைக் கோலாக்கினார். 2-1 என்று ஜெயித்தார்கள். அந்த ஒரு கோலை எந்த நாட்டு லீக்கில் வைத்தாலும் வைக்கலாம்.

மச்சானிடம் தனியாகப் பேசுங்கள், பையன் இல்லாதபோது. "யூரோஸ்னாப்" என்பது மாமாவைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை, அதை அவனுக்கு நீங்கள் சொல்லியாக வேண்டும். ஆனால் முதலில் இறங்கி வரவேண்டியவர் பெரியவர். அதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது, அவர் ஆர்சனல் ரசிகர் என்பதால் மட்டுமே கிடைக்கிற வழி.

தியரி ஹென்றி பெயரைச் சொல்லுங்கள், மச்சான் முகம் மாறும். 2003-04 சீசன் முழுவதும் தோற்காத ஆர்சனலின் நாயகன். அவர் 2010-லிருந்து 2014 வரை நியூயார்க் ரெட் புல்ஸுக்காக ஆடினார், லீக்கில் 51 கோல். 2012 ஜனவரியில், நியூயார்க்கிலிருந்து கொஞ்ச நாள் கடனாக ஆர்சனலுக்கு வந்து, எஃப்.ஏ. கோப்பையில் லீட்ஸுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிக் கோல் அடித்தாரே, அந்த ராத்திரியை எந்த ஆர்சனல் ரசிகரும் மறந்திருக்க முடியாது. அன்றைக்கு அவர் எம்.எல்.எஸ். ஆட்டக்காரர். பிறகு 2019 நவம்பரில் மான்ட்ரியலுக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்து, அவர் விலகியதும் பொறுப்பேற்றவர்தான் இந்த நான்சி. அங்கிருந்து கொலம்பஸுக்கு வந்தார்.

இந்தக் கதையைப் பையனையே மாமாவிடம் சொல்லச் சொல்லுங்கள், வாதமாக இல்லாமல் செய்தியாக. அந்த லீட்ஸ் கோலை எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று அவன் கேட்கட்டும். மச்சானிடம் மூன்று டிக்கெட் வாங்கச் சொல்லுங்கள், அவர் காசில். நார்டெக்கே என்று ரசிகர்கள் கூப்பிடுகிற வடக்குப் பக்கத்து ஸ்டாண்டில் வாங்கட்டும். அங்கே 90 நிமிடமும் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள், பாட்டும் மேளமும் ஓயாது. போகிற வழியில் எந்தப் பாட்டு எப்போது என்று பையன் சொல்லித் தருவான். மார்ச் மாத ராத்திரி ஆட்டமாக இருந்தால் உங்கள் ஊர்க் குளிர் தெரியும்தானே, மூன்று பேருக்கும் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.