தொட்டி எலுமிச்சையில் எறும்பு: பொடி தூவும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: தொட்டியில் வளர்க்கும் எலுமிச்சையிலும் கொய்யாவிலும் கறுப்பு எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்குகின்றன. எலுமிச்சைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் மண்ணுக்குள்ளிருந்து முட்டையைக் கவ்விக்கொண்டு கொத்தாக வெளியே வருகின்றன. எறும்புப் பொடி தூவலாமா? குழந்தைகள் பழத்தைப் பறித்து அப்படியே தின்பார்கள்.

பதில்: பொடி வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் வீட்டு மூலைமுடுக்குக்கென்று தயாரித்த பூச்சிக்கொல்லி. பழம் தின்னும் செடியின் மண்ணில் அதற்கு வேலையில்லை. அதைவிட, தூவினாலும் நான்கு நாளில் அடுத்த சாரி வந்துவிடும். எறும்பு எதற்காக ஏறுகிறதோ அது செடியில் அப்படியே இருக்கும் அல்லவா?

ஆகவே முதலில் சாரி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். எலுமிச்சையின் இளந்தளிரைத் திருப்பினால் பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் அசுவினி என்னும் சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். குச்சியில் பழுப்பு மரு போலத் தெரிவதை நகத்தால் சுரண்டுங்கள். மூடி கழன்றது போல வந்தால் அது செதில் பூச்சி. கொய்யாவில் இலைக் கணுவிலும் காய்க் காம்பிலும் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் மாவுப்பூச்சி. இவை சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் இனிப்பைச் சொட்டாக வெளியே விடும். பொறுமை இருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்: எறும்பு தன் உணர்கொம்பால் அசுவினியைத் தட்டும், அதன் பின்பக்கம் ஒரு சொட்டு வரும், எறும்பு குடித்துவிட்டு அடுத்ததிடம் போகும். மாடு கறப்பது போலத்தான். கறக்கிற மாட்டைக் காவல் காக்கவும் செய்யும். அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்புகள் விரட்டிவிடும். இலை பிசுபிசுப்பதும், அதன்மேல் கரி பூசியது போலப் பூஞ்சை படர்வதும் அந்த இனிப்பால்தான்.

எறும்பு வந்தாலே பூச்சி என்றும் முடிவு கட்டக் கூடாது. பாஷன் பழக் கொடியின் இலைக்காம்பில் தேன் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. அங்கே சும்மாவே எறும்பு மொய்க்கும். பூவில் தேனுக்கு வரும் நாலைந்து எறும்புகளையும் விட்டுவிடலாம்.

பூச்சி இருந்தால், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினி பெருமளவு போய்விடும். மாவுப்பூச்சிக்கும் செதிலுக்கும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் மென்மையான சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் அடித்து, மறுநாள் இலை கருகவில்லை என்றால் மற்றதற்கும் அடிக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று தடவை. பழத்தைக் கழுவித் தின்னச் சொல்லுங்கள்.

அப்புறம் ஏறும் வழியை அடைக்க வேண்டும். தண்டில் காகித டேப்பைச் சுற்றி, அதன்மேல் பூச்சி ஒட்டும் பசையைத் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவினால் பட்டை கெடும். ஒரு இலை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அதுவே பாலமாகிவிடும், ஆகவே கிளையைக் கொஞ்சம் கவாத்து செய்துகொள்ளுங்கள்.

எலுமிச்சைத் தொட்டிக்குள் புற்றே இருக்கிறது. மண் காய்ந்து இறுகிக் கிடப்பதால்தான் குடியேறியிருக்கும். ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து உடனே கீழே வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் உள்மண் நனையவில்லை என்று அர்த்தம். தொட்டியைப் பெரிய வாளியில் வைத்து, மண்ணுக்கு ஒரு விரல் மேலே நிற்கும்வரை மெதுவாகத் தண்ணீர் விட்டு, அரைமணி நேரம் விடுங்கள். எறும்பு முட்டையோடு தண்டில் ஏறித் தப்பப் பார்க்கும். தொட்டி விளிம்பிலிருந்து வெளியே ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் அந்த வழியாக இறங்கிப் போகும். அரைமணிக்கு மேல் ஊற வைத்தால் வேர் மூச்சுத் திணறும். எடுத்து நன்றாக வடியவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். கொதிநீர் ஊற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், எறும்புக்கு முன் வேர் வெந்துவிடும்.

இதற்கும் அடங்காவிட்டால் வெங்காரம், அதாவது போராக்ஸ். 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 25 கிராம் சர்க்கரை, 1 கிராம் வெங்காரம். கூடுதலாகப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றில் உள்ள ராணிக்குப் போய்ச் சேராது. பஞ்சில் நனைத்து, எறும்பு மட்டும் நுழையும் அளவு துளையிட்ட மூடி டப்பாவில் போட்டு, தொட்டிக்கு வெளியே சாரியின் பக்கத்தில் வையுங்கள். முதல் நாள் எறும்பு இன்னும் அதிகமாக வரும், நசுக்காமல் விடுங்கள். அடங்க ஓரிரு வாரம் ஆகலாம். பஞ்சு காய்ந்தால் மாற்றுங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் தொடாத இடமாக இருக்கட்டும். மண்ணில் மட்டும் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது: வெங்காரத்தில் உள்ள போரான் அளவு மீறினால் எலுமிச்சை தாங்காது, இலை நுனி மஞ்சளாகிக் கருகும்.

இத்தனைக்கும் பிறகு எலுமிச்சை மண்ணில் எறும்பு திரும்ப வந்தால், செடியைத் தொட்டியிலிருந்து மெல்லக் கழற்றி வேரைப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணை உதறி, வேரை அலசி, புது மண்கலவையில் வைத்து, அடித்துளையில் மெல்லிய வலை போட்டுவிடுங்கள்.