கடைக் கணக்கைத் தொலைவிலிருந்து பார்க்க எந்தச் சேர்வர்?

கேள்வி: யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கட்டடப் பொருட்கள் கடை நடத்துகிறோம். கணக்கு டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில். கடையில் மூன்று கணினிகள் இருக்கின்றன. சுன்னாகத்தில் உள்ள கிட்டங்கியிலிருந்து தம்பியும், கோப்பாயில் தன் வீட்டிலிருந்து எங்கள் கணக்காளரும் அதே கணக்கில் பதிய வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் மாத முடிவில் அறிக்கைகளை மட்டும் பார்ப்பார். பலரும் ஒரே தரவைப் பாவிக்க வைக்கும் பொதுக் கணினியான சேர்வருக்கு இரண்டு விலைக்கூறல்கள் வந்துள்ளன. ஒன்று பாவித்த ராக் சேர்வர் (சட்டத்தில் அடுக்கும் தட்டையான வகை): இரண்டு புரொசசர், 64 ஜிபி நினைவகம். மற்றது புதிய டவர் சேர்வர் (நிமிர்ந்து நிற்கும் பெட்டி வகை): 16 ஜிபி, விலை கூட. முதலாவதையே எடுக்கச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம் ஐயா?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கேள்வி வெவ்வேறு ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. பணமும் தவறான இடத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். டாலியின் தரவுக் கோப்புறையை இணையம் வழியாகப் பகிர்ந்து கோப்பாயில் திறக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பதிவு பாதியில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால் தரவே பழுதாகலாம். மென்பொருளும் தரவும் கடைக்குள்ளேயே ஓட வேண்டும். கணக்காளருக்குத் திரைக் காட்சி மட்டும் போக வேண்டும். பேரேடு மேசையிலேயே இருக்க, எழுதும் கை மட்டும் கோப்பாயிலிருந்து நீள்வதுபோல. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் செய்வது இதைத்தான்.

இனி, ஒரே நேரத்தில் வெளியிலிருந்து எத்தனை பேர் நுழைவார்கள் என்று எண்ணுங்கள். உங்களுக்கு இரண்டு பேர். அண்ணனைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. டாலி பிரைமில் அறிக்கைகளை உலாவியிலேயே பார்க்கும் வசதி இருக்கிறது, சந்தா நடப்பில் இருந்தால் போதும்.

விலைக்கூறல்களில் வராத செலவு ஒன்று இங்கேதான் ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் புரோ உள்ள கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம். விண்டோஸ் சேர்வர் போட்டால் நிர்வாக வேலைக்கென்று இரண்டு பேர் நுழையலாம். அன்றாட வேலைக்கு ஒருவர் நுழைய வேண்டுமென்றால் சேர்வரை அணுகுவதற்கான உரிமம் ஒன்று, அதற்கு மேல் ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் ஒன்று என ஆளுக்கு இரண்டு வாங்க வேண்டும். கடைக்குள் இருக்கும் மூவருக்கும்கூட முதல் வகை உரிமம் தேவை. உங்களுக்கு வந்த விலைக்கூறல்களை எடுத்துப் பாருங்கள். இந்த வரிகள் தனித்தனியாக இல்லையென்றால், ஒன்று பிறகு கேட்பார்கள், இல்லையேல் “ஒரு சின்ன மென்பொருள் போட்டுத் தருகிறோம், எத்தனை பேரும் நுழையலாம்” என்பார்கள். அந்தச் சின்ன மென்பொருள் உரிம விதிக்கு மாறானது. அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பு வந்ததும் நின்றுவிடக் கூடியதும்கூட. மாதக் கடைசியில் நின்றால் உங்கள் கணக்காளர் என்ன செய்வார்?

ஆகவே என் ஆலோசனை இது. தரவை வைக்க, விண்டோஸ் 11 புரோ உள்ள, அலுவலகத் தரத்திலான நல்ல டெஸ்க்டாப் ஒன்று: 16 ஜிபி நினைவகம், ஒன்றின் நகலாக மற்றது ஓடும் இரண்டு எஸ்எஸ்டிகள் (வேகமான சேமிப்பகங்கள்). விண்டோஸ் 11 புரோ 20 இணைப்புகள் வரை கோப்புகளைப் பகிர விடும். உங்களுக்கு அது தாராளம். தம்பிக்கும் கணக்காளருக்கும் கடைக்குள் ஆளுக்கொரு சிறிய மினி கணினி, திரைகூடத் தேவையில்லை. அவரவர் தமக்குரிய கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைவார்கள். டாலியில் பலர் பாவிக்கும் கோல்ட் உரிமம் வேண்டும். கிளிநொச்சியில் இரண்டாவது கடை திறந்து, வெளியிலிருந்து ஐந்தாறு பேர் நுழையும் நிலை வந்தால், அப்போது டவர் சேர்வரை உரிமங்களோடு சேர்த்து வாங்குங்கள்.

பாவித்த ராக் சேர்வர் எதற்கும் வேண்டாம். 64 ஜிபி என்ற எண் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் 200 வாட் இழுக்கும் ஒரு பெட்டி இரவு பகலாக ஓடினால் மாதம் 144 யூனிட். 40 வாட் டெஸ்க்டாப்புக்கு 29 யூனிட்கூட வராது. குளிரூட்டிய அறைக்காகச் செய்த அந்த இயந்திரத்தின் விசிறிச் சத்தத்தில் வாடிக்கையாளரோடு பேசவும் முடியாது.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியமானது. இதைச் சொல்லும்போது ஒரு காலை நேரம் நினைவுக்கு வருகிறது. கஸ்தூரியார் வீதிப் பக்கமுள்ள ஒரு கடைக்கு என்னை அழைத்திருந்தார்கள். திரையில் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஓர் எழுத்துக் கூட்டம் ஒட்டியிருந்தது; பணம் கேட்டு ஒரு கடிதமும் இருந்தது. காப்புப் பிரதி எடுத்த வெளி வன்தட்டு எப்போதும் செருகியபடியே இருந்ததால் அதுவும் பூட்டப்பட்டிருந்தது. கம்பியில் குத்தி வைத்த பற்றுச்சீட்டுகளை முதலாளியின் மகள் ஒவ்வொன்றாக உருவி வாசிக்க, இரண்டு பேர் மறுபடி பதிந்துகொண்டிருந்தார்கள். கொஞ்சம் மழையில் நனைந்து மை கலைந்த சீட்டுகளும் இருந்தன. காரணம் மிக எளியது. தொலைவிலிருந்து நுழைவதற்காக ரவுட்டரில் 3389 என்ற வாயிலை இணையத்துக்கு நேராகத் திறந்துவிட்டிருந்தார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்புக்குரிய அந்த வாயிலை உலகெங்கும் தானியங்கி நிரல்கள் நாள் முழுவதும் தட்டிப் பார்க்கின்றன. எண்ணை மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். 2019இல் வெளியான புளூகீப் என்ற ஓட்டை வழியே பழைய விண்டோஸ்களுக்குள் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய முடிந்தது. எனவே அந்த வாயில் ஒருபோதும் திறக்கப்படக் கூடாது. அதற்குப் பதிலாக விபிஎன் போடுங்கள்; இணையத்துக்குள் உங்கள் ஆட்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை அது. வயர்கார்ட் நல்லது, அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் நிறுவ இன்னும் எளிது. உங்களுடையது 4ஜி இணைப்பாக இருந்தால் வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய பொது முகவரி பெரும்பாலும் கிடைக்காது. டெயில்ஸ்கேல் அதற்குள்ளும் வேலை செய்யும். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் கட்டாயம் இயக்குங்கள்.

மின்சாரத்தைப் பற்றி 2022இல் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூபிஎஸ்ஸில் கணினிகள் மட்டுமல்ல, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கணினி ஓடும், கோப்பாயில் திரை உறைந்து நிற்கும். யூபிஎஸ்ஸோடு ஒரு யூஎஸ்பி கம்பி வரும். பெரும்பாலான கடைகளில் அது அட்டைப் பெட்டிக்குள் பொலித்தீன் பையோடு அப்படியே கிடப்பதைப் பார்க்கிறேன். பற்றரி இறங்கும்போது கணினியை முறையாக அணைக்கச் சொல்லும் கம்பி அதுதான், எடுத்துச் செருகுங்கள். மின் திரும்பியதும் தானாக இயங்கும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஒரு தெரிவு இருக்கிறது, அதையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யாராவது கடையைத் திறக்க வர வேண்டும்.

கணினியை வைக்கும் இடமும் முக்கியம், உங்களுடையது சீமெந்து விற்கும் கடை. இப்படிப்பட்ட ஒரு கடையில் கணினியைத் திறந்தபோது, மாரி ஈரத்தில் சீமெந்துத் தூள் விசிறி இதழ்களில் கல்லாக இறுகியிருந்தது. காசாளர் மேசைக்குக் கீழே வேண்டாம். உள்ளறையில், தரையிலிருந்து உயரமாக, சுவரோடு ஒட்டாமல் வையுங்கள்.

காப்புப் பிரதி: இரண்டு எஸ்எஸ்டிகள் இருப்பது காப்புப் பிரதி ஆகாது. ஒன்றில் தவறுதலாக அழித்தது மற்றதிலும் அழிந்துவிடும். இரண்டு வெளி வன்தட்டுகளை நாள் மாற்றிப் பாவியுங்கள். ஒன்று எப்போதும் கடைக்கு வெளியே, வீட்டில் இருக்கட்டும். ரொறன்ரோ அண்ணனிடமும் ஒரு பிரதி போய்ச் சேரலாம், விபிஎன் அதற்கும் உதவும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறு கணினியில் திறந்து, பரீட்சை மீதி கடையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று கணக்காளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உத்தரவாதத்தில் ஒரு கேள்வி போதும்: பழுதானால் திருத்துவது யாழ்ப்பாணத்திலா, கொழும்புக்கு அனுப்பியா? அனுப்புவதென்றால் எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டில் பொருளின் தொடரிலக்கம் இருக்க வேண்டும். விற்றவர் சொன்ன உத்தரவாதத்தை மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கையில் எழுத்து இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும்.

கேள்வி: பெட்டி வாங்காமல் மாத வாடகைக்கு இணையச் சேர்வர் எடுத்தால் என்ன? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: முன்னால் நின்று விற்பனை செய்யும் கடைக்கு வேண்டாம். இணையம் நின்றால் பில்லும் நின்றுவிடும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்காத கணக்காய்வு அலுவலகம் போன்ற இடங்களுக்கு நன்றாகவே பொருந்தும். வாடகையை 36 மாதத்தால் பெருக்கி, டொலரில் கட்டுவதென்றால் நாணய மாற்று ஏறுவதையும் நினைத்து, பெட்டியின் விலையோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 10 கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே சேர்வராக வைக்கலாமா? (மானிப்பாய் வாசகர்)

பதில்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு ஏற்ற கணினியா என்று முதலில் சோதியுங்கள். ஏற்றதென்றால் புதிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு வைக்கலாம். ஏற்காவிட்டால் அதில் கணக்கு வேண்டாம். பிள்ளைகள் தட்டச்சுப் பழகட்டும், வங்கிக் கடவுச்சொல் எதையும் அதில் இடாமல்.