கேள்வி-பதில்: கையால் கீறியதா, மெஷின் அடித்ததா?

மகள் படம் கீறப் பழகுகிறாள். 24 பென்சில் கொண்ட பெட்டி 9,500 ரூபா சொல்கிறார்கள். வாங்கலாமா? (வவுனியா)

வேண்டாம். எச்பி, 2பி, 4பி, 6பி என்று நாலு போதும். மிச்சக் காசுக்குத் தடித்த காகிதம் வாங்கிக் கொடுங்கள்.

அப்பாவின் நினைவாக எங்களிடம் மிஞ்சியது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். அதைப் பார்த்துப் பென்சிலால் பெரிதாகக் கீறித் தரச் சொல்லி, பேஸ்புக்கில் ஒருவருக்கு 18,000 ரூபா அனுப்பினேன். போன கிழமை பார்சல் வந்தது. முகம் சரி, ஆனால் மனசு ஒட்டவில்லை. (புதுக்குடியிருப்பு)

உங்கள் மனசு சொன்னது சரி, தங்கச்சி. நீங்கள் கிட்டவாக எடுத்து அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்து நிழல் முழுக்க ஒரே அளவுப் புள்ளிகளாகப் பிரிகிறது. பென்சில் அப்படிப் பிரியாது. போனில் உள்ள செயலியால் போட்டோவைப் பென்சில் படம் போல மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

நீங்களும் பாருங்கள். ஜன்னலோரம் சரித்துப் பிடித்தால், காரீயம் அழுத்தி நிரப்பிய தலைமுடியும் கண்மணியும் மினுங்க வேண்டும், வெறும் காகிதம் மினுங்கக் கூடாது. பின்பக்கத்தை விரலால் தடவினால் அழுத்திய கோடுகள் தட்டுப்படலாம், தடித்த காகிதமானால் தட்டுப்படாமலும் போகும்.

கையால் கீறியது என்று சொல்லி அச்சுப்படம் விற்பது நுகர்வோரை ஏமாற்றுவது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977க்கு அழைத்து வழி கேட்கலாம். வங்கிச் சீட்டையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள். வன்னியில் எத்தனை வீடுகளில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை என்று தெரிந்துகொண்டே இந்த வியாபாரம் செய்கிறார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த முறை பாதிப் பணம் மட்டும் முதலில் கொடுங்கள். ஒரு கண் முடிந்து, வாய் வெறும் கோடாக இருக்கும் கட்டத்தில் போட்டோ கேளுங்கள். கையால் கீறுபவர் தயங்காமல் அனுப்புவார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கண்காட்சியில் பனங்கூடல் பென்சில் படமொன்று 12,000 ரூபாவுக்கு வாங்கினேன். மழைக்கு முன் லமினேட் செய்ய எவ்வளவு எடுப்பார்கள்? (கிளிநொச்சி)

தயவுசெய்து செய்யாதீர்கள். இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது.

நம் சனத்துக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பையில் போட்டுக்கொண்டு இடம் இடமாக ஓடியவர்கள் நாங்கள். நனையாமல் இருந்தால் போதும் என்று எதையும் பிளாஸ்டிக்குக்குள் வைத்தோம். பத்திரத்தில் எழுத்துத் தெரிந்தால் காரியம் ஆகிவிடும். படம் அப்படியல்ல. காரீயத் தூள் காகிதத்தின் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. மெஷினில் சூடாகி உருகும் பசை அதன்மேல் ஒட்டிவிட்டால், பிறகு உரித்தால் படமும் சேர்ந்து வரும்.

2012இல் ஒரு இளைஞனிடம் இரணைமடுக் குளத்துப் படம் வாங்கினேன், 1,500 ரூபா. அன்றைக்கே லமினேட் செய்தேன். அவன் பாடுபட்டுக் கீறிய தண்ணீர், கரை, வானம் எல்லாம் ஒரே பளபளப்பாய்ப் போனது. இரண்டு மாரிக்குள் மூலையால் ஈரம் இறங்கிப் பூஞ்சணம் பிடித்தது. அவனை அதற்குப் பிறகு நான் காணவில்லை. இன்னொன்று கீறித் தரச் சொல்லவும் வழியில்லை.

கண்ணாடி போட்டுப் பிரேம் செய்யுங்கள். படத்தைச் சுற்றி அமிலமில்லாத மட்டை வைத்தால் கண்ணாடி காகிதத்தில் முட்டாது. செலோடேப் ஒட்ட விடாதீர்கள், அது மஞ்சளாகிக் கறை விடும். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வெயிலில் காரீயம் மங்காது, ஆனால் மலிவுக் காகிதம் பழுக்கும்.

வாங்கிய படத்தைக் கலண்டரில் அச்சடித்து விற்கலாமா? (பரந்தன்)

கீறியவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் முடியாது. நீங்கள் வாங்கியது காகிதத்தை. பதிப்புரிமை அவர் வாழும் வரைக்கும், அதன் பின் 70 ஆண்டுக்கும் உண்டு.

கொழும்பில் ஒருவர் ஜோர்ஜ் கீற் கீறிய பென்சில் படம் என்று 25,000 ரூபாவுக்குத் தந்தார். பில் இல்லை. கையெழுத்தும் 1938 என்ற ஆண்டும் இருக்கின்றன. அசலா? (மாங்குளம்)

கையெழுத்தை வாங்கியிருக்கிறீர்கள், படத்தைப் பார்க்கவில்லை. கீற் (1901–1993), 1943இல் கொழும்பில் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் குழுவின் பெரிய பெயர்களில் ஒருவர். அந்தப் பெயருள்ள படம் இதற்கு முன் யாரிடம் இருந்தது, எங்கே காட்டப்பட்டது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையா? பில் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும், அதையும் கேட்கவில்லை. கொழும்பு 7, பான்ஸ் பிளேசில் உள்ள சபுமல் மன்றத்தில் 43 குழுவினரின் அசல்கள் இருக்கின்றன. கொழும்பு வரை போனவர் அங்கே அரை மணி நேரம் நின்றிருக்கலாம்.

நானும் பழைய படம் என்று நம்பி 8,000 ரூபா இழந்தவன். அதில் இருந்த ஆண்டு 1941. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது காகிதம் நீலமாக ஒளிர்ந்தது. காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் அந்த இரசாயனம் 1950 வாக்கில்தான் காகிதத்துக்குள் வந்தது.

பிரேமைக் கழற்றி அந்த விளக்கில் பாருங்கள். ஒளிர்ந்தால் உங்கள் 1938 பொய். ஒளிராவிட்டாலும் அசல் என்று ஆகிவிடாது, பழைய காகிதத்திலும் ஆட்கள் கீறுகிறார்கள். இரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.