கூரை ஏறும் கோழி

கேள்வி: தருமபுரியிலிருந்து அம்மா கொண்டுவந்த நாட்டுச் சேவலை எங்கள் மூன்றாம் மாடி மொட்டை மாடியில் வளர்க்கிறோம். போன வாரம் அது கைப்பிடிச் சுவரிலிருந்து எழும்பி, நடுவில் இருக்கும் சந்தின் மேலே பறந்து, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்துவிட்டது. 'கோழி பறக்காத பறவை, நெருப்புக்கோழி மாதிரி' என்று என் மகனுக்குப் பள்ளியில் எழுதிப்போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரரோ ஒரு பக்க இறக்கையை வெட்டிவிடச் சொல்கிறார். வெட்டலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வெட்டாதீர்கள். காரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால் மகனின் நோட்டைத் திருத்திவிடுவோம்.

கோழி பறக்கும். நம் பாட்டிமாருக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. 'கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவேன் என்றானாம்' என்பார்களே, அந்தக் கோழி கூரைக்குத் தானாகத்தான் போனது. கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் வீட்டிலும் பொழுது சாய்ந்தால் கோழிகள் வேப்பமரத்தடிக்கு வந்துவிடும். கழுத்தை நீட்டி, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, கிளையை அளந்து பார்க்கும். இரண்டு முறை பதுங்கி எழும். அப்புறம் படபடவென்று ஒரே எழும்பல். என் தலைக்கு மேலே கிளையில் அடைந்துவிடும். மரநாய்க்கும் நரிக்கும் பயந்து காட்டுக்கோழி செய்வதும் இதைத்தான். மாதேஸ்வரன் மலைப் பக்கம் போனால் புதரிலிருந்து சாம்பல் நிறக் காட்டுக்கோழி வெடித்துக் கிளம்புவதைப் பார்க்கலாம்.

நெருப்புக்கோழிக்குப் பெயரில்தான் கோழி. அதன் நெஞ்செலும்பு தட்டையானது. பறக்கும் தசையைப் பிடித்துக்கொள்ள அதில் இடம் கிடையாது. நாட்டுக்கோழியை அறுக்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். படகின் அடிக்கட்டை போல நடுவில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதன் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் நெஞ்சுக்கறிதான் இறக்கையை அடிக்க வைக்கிறது. அந்தக் கறி வெளுப்பாக இருப்பதிலும் விஷயம் இருக்கிறது. வெள்ளைத் தசை சட்டென்று பெரும் விசை தரும், சீக்கிரம் களைத்துவிடும். புறாவின் நெஞ்சுக்கறி கருஞ்சிவப்பு. அது மணிக்கணக்கில் பறக்கும். கோழிக்கு நாள் முழுக்க உழைப்பது கால், அதனால்தான் காலின் கறி கறுத்திருக்கிறது. ஆக, கோழி சில நொடிகள் பறக்கும் பறவை. ஆபத்திலிருந்து தப்பவும் இரவில் கிளையில் அடையவும் அந்தச் சில நொடி போதும்.

பிறகு ஏன் கோழி பறக்காது என்ற எண்ணம் வந்தது? நகரத்துப் பிள்ளைகள் பார்ப்பது கடைக் கூண்டில் இருக்கும் பிராய்லர் கோழியை. அது அப்படி ஆனது நம்மால். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு ரகத்தையும் 2005ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழைய ரகம் சுமார் 900 கிராம், புதியது சுமார் 4.2 கிலோ. அந்த எடைக்கு ஈடாக இறக்கை வளரவில்லை. இந்தப் பறவைக்கு நிற்பதே பாடாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஓர் இனத்துக்கே 'பறக்காதது' என்று பெயர் வைப்பது அநியாயம். எனக்கு அது மனதை உறுத்துகிறது.

உங்கள் ஊரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பெங்களூரில் உருவான கிரிராஜா கோழி நல்ல கனம். அதற்குப் பிறகு வந்த ஸ்வர்ணதாரா எடை குறைந்த ரகம், அதனால் காட்டுப்பூனையிடமிருந்தும் நரியிடமிருந்தும் சுலபமாகத் தப்பிக்கிறது.

இனி வெட்டும் விஷயம். கிராமத்தில் ஒரு பக்க இறகை நறுக்குவது உண்டுதான். முற்றிய இறகு நகம் மாதிரி, வெட்டினால் வலிக்காது. இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது பறவை பழையபடி பறக்கும். ஆனால் முளைத்துவரும் இறகில் ரத்தம் ஓடும், அதை வெட்டினால் கொட்டும். அதைவிட முக்கியம், அங்கே கோழி நிற்பது தரையில். உங்கள் சேவல் நிற்பது மூன்றாம் மாடியில். இறகை வெட்டினாலும் அதன் கால் பலம் குறையாது. கைப்பிடிச் சுவருக்கு எப்படியாவது எகிறி ஏறிவிடும். அங்கிருந்து கால் தவறினால், இன்று அது இறக்கையை அடித்துக்கொண்டு பத்திரமாக இறங்கும். ஒரு பக்கம் வெட்டிய பிறகு நிலை தடுமாறிச் சந்தில் விழும்.

மாடியில் ஒரு மூலைக்கு மேலேயும் சுற்றிலும் வலை கட்டுங்கள். உள்ளே இடுப்புயரத்தில் குறுக்காக ஒரு மூங்கில் கழி போடுங்கள். எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். வலைக்கு வழியில்லை என்றால் அம்மாவோடு தருமபுரிக்கே அனுப்பிவிடுங்கள். வலை கட்டினால், முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் மகனை அங்கே உட்கார வையுங்கள். சேவல் கழியை அளந்து பார்த்து எழும்புவதை அவனே பார்த்து நோட்டில் எழுதட்டும்.