வெந்தபின் பெப்பர்மின்ட் மணம் ஏன் நிற்பதில்லை?

கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளுக்காகச் செய்யும் பெப்பர்மின்ட் பிஸ்கட்டில் மணமே தெரிவதில்லை என்றும், எசன்ஸைக் கூட்டினால் நாக்கு எரிகிறதென்று குழந்தைகள் ஒதுக்கிவிடுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதில், மாவில் பெப்பர்மின்ட்டைச் சேர்க்கவே வேண்டாம் என்பதுதான். அதன் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால், அடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. வீடு மணக்கும், பிஸ்கட் மணக்காது. அந்த இழப்பை ஈடுகட்ட அளவைக் கூட்டும்போது, நாக்கில் குளிர்ச்சியை உணர்த்தும் மென்தாலே மிகுந்து எரிச்சலாக மாறுகிறது.

ஆகவே பிஸ்கட்டை வெறும் கோகோ பிஸ்கட்டாகச் சுட்டு, நன்றாக ஆறியபின் பூசும் ஐசிங்கில் மட்டும் பெப்பர்மின்ட்டைச் சேர்க்கவேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் தெருவில் தீபாவளிக்குப் பலகாரத் தட்டு வருவதும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து பிஸ்கட் தட்டு போவதும் வழக்கம். வாங்கிக்கொள்பவர்களில் சைவ வீட்டாரும் உண்டு என்பதால் நான் முட்டை சேர்ப்பதில்லை. 125 கிராம் வெண்ணெயை 100 கிராம் சர்க்கரையோடு குழைத்து, 150 கிராம் மைதா, 30 கிராம் கோகோ, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துச் சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுப் பிசைந்து, 180 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் சுட்டால் போதும். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போது இறுகிவிடும்.

ஐசிங்குக்கு 150 கிராம் ஐசிங் சர்க்கரையில் ஒன்றரை மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கி, எசன்ஸை நான்கு சொட்டிலிருந்து தொடங்கி, ஒரு குழந்தையைச் சுவைக்கச் சொல்லியே கூட்டுங்கள். பெரியவர்களின் நாக்கு இதற்கு உதவாது. புட்டியில் இருப்பது எசன்ஸா, உணவுக்கான தூய பெப்பர்மின்ட் எண்ணெயா என்று பார்த்துக்கொள்வது மிக முக்கியம். எண்ணெய் பல மடங்கு வீரியமானது என்பதால் ஒரு சொட்டே போதும், கைக்குழந்தையின் முகத்தருகே அதைத் திறக்கவும் கூடாது. தோட்டத்துப் புதினாவை அரைத்து விட்டால் ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. நம் சமையலில் பெரும்பாலும் புழங்கும் புதினாவில் மென்தால் மிகக் குறைவு; அது சட்னியை நினைவூட்டுமே தவிர அந்தக் குளிர்ச்சியைத் தராது.

சிவப்பு வெள்ளைக் கோடிட்ட மிட்டாயை நொறுக்கித் தூவும் வழக்கம் குளிர்நாட்டுக் கிறிஸ்துமஸுக்குப் பொருந்துவது. எங்களுக்கு டிசம்பர் நடுக்கோடை. கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு அந்த மிட்டாய்த் தூள் சீக்கிரமே பிசுபிசுத்துவிடும். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்குமென்றால், தட்டை மேசைக்குக் கொண்டுவரும் வேளையில் தூவுங்கள். சுடுவதற்கு முன் தூவினால் உருகி ஓடித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கெட்டி மிட்டாய்த் துண்டுகள் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், அவர்களுக்குரியதை ஐசிங்கோடு நிறுத்திவிடவேண்டும்.

அடுப்பைப் பற்றவைக்கவே மனமில்லாத புழுக்கத்தில், இந்நாட்டவர் எல்லோருக்கும் பழக்கமான பெப்பர்மின்ட் கிரிஸ்ப் டார்ட் இருக்கிறது: தேங்காய் மணமுள்ள டென்னிஸ் பிஸ்கட்டை அடுக்கி, அடித்த கிரீமில் ஒரு டப்பா கேரமலைக் கலந்து பரப்பி, அதே பெயருள்ள சாக்லேட்டைத் துருவித் தூவி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் முடிந்தது. என் கணிப்பில் சிறுவர்கள் பிஸ்கட்டைவிட இதையே முதலில் காலி செய்வார்கள்.

பெப்பர்மின்ட் பிஸ்கட்டை மட்டும் தனி டப்பாவில் இறுக மூடி வையுங்கள். முறுக்கோடும் அச்சுமுறுக்கோடும் சேர்த்து வைத்தால் எல்லாமே பற்பசை மணம் வீசும்.