ரஷ்ய மொழிக்கா, பெலாரசிய மொழிக்கா? மொழிபெயர்ப்பாளரைத் தேடும் முன்

கேள்வி: பெலாரஸின் தலைநகர் மின்ஸ்கில் யோகா கற்றுத் தருகிறேன். மனைவி பெலாரஸ்காரர். அவருடைய பிறப்புச் சான்றிதழ் பெலாரசிய மொழியில் இருக்கிறது. ரஷ்யாவில் ஓர் அலுவலகத்தில் கொடுக்க ரஷ்ய மொழியில் வேண்டும். ரஷ்ய மொழியில் உள்ள என் யோகா கையேட்டைப் பெலாரசிய மொழியில் கொண்டுவரவும் ஆசை. இரண்டையும் ஒரே ஃப்ரீலான்சரிடம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் வேறு வேறு வேலை.

சான்றிதழுக்கு ஆள் தேடுவதற்கு முன் நோட்டரியிடம் போங்கள். இரண்டு மொழியும் தெரிந்த நோட்டரி, மொழிபெயர்ப்பு சரி என்று தானே சான்றளிக்கலாம். இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்குச் சான்று தருவார். யாருடைய கையெழுத்தை ஏற்பார் என்று முதலிலேயே கேட்டுவிட்டால் காசு வீணாகாது. முத்திரையில் உள்ள எழுத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பெயர்களையும் பாருங்கள்: பெலாரசிய 'மிகலாய்' ரஷ்யத்தில் 'நிக்கலாய்' ஆகிவிடும். மனைவியின் மற்ற ரஷ்ய ஆவணங்களில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். அப்புறம், அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று) வாங்கித் தருகிறேன் என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பெலாரஸும் ரஷ்யாவும் சேர்ந்துள்ள சட்ட உதவி ஒப்பந்தத்தின்படி இந்த இரு நாடுகளுக்கு இடையே அது தேவையில்லை.

கையேடுதான் கடினம். பெலாரஸில் 1995 பொது வாக்கெடுப்புக்குப் பிறகு பெலாரசியம், ரஷ்யம் இரண்டுமே அரசு மொழிகள். ஆனால் நகரங்களில் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் ரஷ்யம்தான். பள்ளியில் படித்த பெலாரசியத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறவர்கள் ஏராளம்; அதில் பிழையில்லாமல், இயல்பாக எழுதுகிறவர்கள் குறைவு. 'இரண்டும் என் தாய்மொழி' என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் உங்களுக்கு அது போதாது. பெலாரசிய மொழியில் அச்சான அவருடைய வேலையைக் கேளுங்கள். மலிவு விலைக்காரர்களில் சிலர் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்து அப்படியே அனுப்புவார்கள். அதனால் முழு வேலைக்கும் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு பக்கத்தைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். 'வாரத்துக்கு மூன்று முறை செய்யவும்' போன்ற வரி அதில் இருக்கட்டும். ரஷ்யத்தில் 'நிதேலியா' என்றால் வாரம். ஏறக்குறைய அதே ஒலியுள்ள பெலாரசியச் சொல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று பொருள். அசட்டையான ஆள் இங்கே மாட்டிக்கொள்வார். வந்த பக்கத்தைப் பெலாரசிய மொழியில் நிறைய வாசிக்கும் இன்னொருவரிடம் காட்டுங்கள். இந்த ஒரு செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பெலாரசியத்தில் எந்த எழுத்துமுறை (சொற்களை எழுதும் விதிகள்) என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1933 சீர்திருத்தத்திலிருந்து வந்த அதிகாரப்பூர்வ முறை ஒன்று. அதற்கு முந்தைய மரபில் நிற்கும் தரஷ்கேவித்சா இன்னொன்று. இரண்டாவதை நேசித்து எழுதும் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிகளுக்கோ அரசு நூலகங்களுக்கோ கையேட்டைக் கொடுக்க நினைத்தால் அதிகாரப்பூர்வ முறையையே கேளுங்கள்; அதன் இன்றைய விதிகள் 2010 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தவை.

விலை பேசும்போது 'பக்கம்' என்றால் என்ன என்று கேளுங்கள். அங்கே பொதுவாக இடைவெளியையும் சேர்த்து 1800 எழுத்துகள் ஒரு பக்கம். மூல உரையை எண்ணுகிறாரா, மொழிபெயர்த்ததையா என்பதையும் தெளிவாக்கிக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுங்கள். மீதியை அத்தியாயம் அத்தியாயமாக, படித்துப் பார்த்த பிறகு.